டர்ன்டேபிளைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: டொரன்டோவில் திருமண வரவேற்புகளுக்கு டிஜேயாகப் போகிறேன். டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எம்கே2 டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) இரண்டு, பாட்டுகளைக் கலக்கும் மிக்சர் ஒன்று, பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள் உள்ளன. டிஜிட்டலுக்கு மாற விருப்பம். டர்ன்டேபிள்களைக் கொடுத்தால் லேப்டாப் பாட்டைக் கையால் இயக்கும் புதுக் கன்ட்ரோலரும் 50,000 பாட்டு நிரப்பிய ஹார்ட் டிஸ்க்கும் தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. 1979-இல் அறிமுகமான எம்கே2-வின் மதிப்பு உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இந்த வரிசையின் தயாரிப்பை டெக்னிக்ஸ் 2010-இல் நிறுத்தியது. 2016-இல் மீண்டும் வந்தபோது விலை பல மடங்கு. பழைய இரும்பு என்று முகம் சுளித்துக்கொண்டே அவர் கேட்பது அதனால்தான்.

டிஜிட்டலுக்கு மாற டர்ன்டேபிளை விற்கவே வேண்டியதில்லை. டைம்கோடு தட்டு என்று ஒன்று உண்டு. அதில் பாட்டு இருக்காது. கூவென்று ஒரே சுருதியில் ஓர் ஒலி மட்டும். தட்டு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை மென்பொருள் அந்த ஒலியிலிருந்து கணித்து, லேப்டாப்பில் உள்ள பாட்டை அதன்படியே ஓட்டும். தட்டைப் பின்னுக்கு இழுத்தால் பாட்டும் பின்னுக்குப் போகும். உங்கள் கைப்பழக்கம் வீணாகாது. டர்ன்டேபிளுக்கும் லேப்டாப்புக்கும் இடையே, ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி வேண்டும். அதன் உள்ளீட்டை ஃபோனோவில், அதாவது டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலுக்கான நிலையில், வையுங்கள். எர்த் வயரை இணையுங்கள், இல்லையேல் உறுமும்.

இந்த இன்டர்ஃபேஸைப் பழையதாக வாங்கித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரேன் நிறுவனத்தின் எஸ்.எல்.1 என்ற இன்டர்ஃபேஸ் பெட்டியை மலிவு என்று தலையில் கட்டுவார்கள். அது செரட்டோ ஸ்க்ராட்ச் லைவ் என்ற பழைய மென்பொருளுக்கானது. அந்த மென்பொருளோ கைவிடப்பட்டு வெகுகாலமாகிறது. பெட்டியில் பழுதே இல்லை, பயனும் இல்லை. நன்றாக ஓடும் சாதனத்தை ஓர் அறிவிப்பால் குப்பையாக்கும் இந்தத் தொழிலை யாரும் தட்டிக் கேட்பதில்லை. உங்கள் லேப்டாப்பின் இயங்குதளத்துக்கு ஒத்துவருமா என்பதைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். விற்பவர் வாயை நம்பாதீர்கள்.

அந்த 50,000 பாட்டு? காசு கொடுத்து வாங்கியதை யார் இனாமாகத் தருவார்? இத்தகைய டிஸ்க்குகளில் 128 கேபிபிஎஸ் (ஒலித்தரத்தின் அளவு; குறைந்தால் தரமும் குறையும்) பாட்டுக் கோப்பையே 320 என்று மாற்றி வைத்திருப்பார்கள். ஒருமுறை போன ஒலி திரும்பாது. ஒரு பாட்டுக் கோப்பை ஸ்பெக்ட்ரம் படத்தில், அதாவது ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படத்தில், திறந்து பாருங்கள்; 16,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தரித்தாற்போல் மொட்டையாக நின்றால் சந்தேகப்படுங்கள். வீட்டில் தெரியாது. மண்டபத்து ஸ்பீக்கரில் ஜால்ரா ஒலி சீறும்.

டர்ன்டேபிளோடே தொடரலாம் என்பதற்கு ஒரே விதிவிலக்கு, அதிரும் மேடை. பலகை மேடையில் கூட்டம் குதித்தால் ஊசியும் குதிக்கும். மென்பொருள், தட்டில் ஊசி நிற்கும் இடத்தைப் பார்க்கும் அப்சல்யூட் முறையில் இருந்தால் ஊசி தாவிய இடத்துக்கே பாட்டும் தாவிவிடும். தட்டின் வேகத்தையும் திசையையும் மட்டும் பார்க்கும் ரிலேட்டிவ் முறைக்கு மாற்றினால் தாவாது. ஆனால் ஊசியைத் தூக்கி வைத்துப் பாட்டின் நடுவுக்குப் போகும் வசதி போய்விடும். அதுவும் போதாது. பாஸ் ஒலி மேசை வழியாக ஊசிக்கு ஏறி, டைம்கோடு கலங்கி, பாட்டு தள்ளாடும். டர்ன்டேபிளுக்கு அடியில் கனமான பலகையும் நுரை அட்டையும் வைத்துப் பாருங்கள். ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள். அப்படியும் அடங்காமல், உங்கள் நிகழ்ச்சிகளில் பாதிக்குமேல் இத்தகைய மேடைகள்தான் என்றால், கன்ட்ரோலர் வாங்குவதே சரி. அப்போதும் காசு கொடுத்து, ரசீதோடு வாங்குங்கள்.

கன்ட்ரோலர் வாங்கினாலும் டர்ன்டேபிள் வீட்டிலேயே இருக்கட்டும். டிஜிட்டலில் கிடைக்காத தட்டுகளை அதில் ஓட்டி, எம்பி3 ஆக அல்ல, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஒலி அளவு, அதைக் காட்டும் மீட்டரில் சிவப்பைத் தொடக் கூடாது.