ஸ்விங் ஆர்மை நீட்டலாமா?

கேள்வி: 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் (drag) பந்தயத்துக்காக, என் பைக்கின் பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மைக் கணபதியிலுள்ள ஒரு பட்டறையில் வெட்டி, 150 மில்லிமீட்டர் நீட்ட நினைக்கிறேன். இது சரியா? – வாசகர், அன்னூர்.

பதில்: நோக்கம் சரியானதே. புறப்படும் வேகத்தில் பின்சக்கரத்துக்கு மாறும் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம் கூடினால் கூடும், சக்கர இடைவெளி கூடினால் குறையும் என்பதால், நீட்டிய வண்டியில் முன்சக்கரம் எளிதில் தூக்காது.

எனக்குள்ள கவலையெல்லாம் வெல்டிங்கைப் பற்றியது. வெட்டிய முனைகளை நேருக்கு நேர் ஒட்டுவது ஆபத்து. இரும்பு ஆர்ம் என்றால், உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் குழாயைச் செருகி, பிவட் துளையும் (ஆர்ம் சட்டத்தோடு சேருமிடம்) சக்கர அச்சுத் துளையும் இணையாக நிற்கும்படி ஜிக்கில் (பாகங்களை அசையாமல் பிடிக்கும் சட்டகம்) பூட்டிய பிறகே டிக் (TIG) வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். நம் கோவைப் பட்டறைக்காரர்களுக்கு ஜிக் செய்வது கைவந்த கலை. அலுமினியம் என்றால் வெட்டவே வேண்டாம். சூட்டில் வெல்டிங் தையலோரம் வலுவிழக்கும் என்பதால், இரும்புக் குழாயில் புதிதாகச் செய்துகொள்வதே மேல்.

ஷாக் அப்சார்பர் பழைய இடத்திலேயே இருந்தால் நெம்பு விசை கூடி ஸ்பிரிங் தளர்ந்ததுபோல் அமுங்கும். ஆகவே கடினமான ஸ்பிரிங் தேவை. பிரேக் ஹோஸை ஒட்டுப்போடாமல் நீளமானதாகவே வாங்குங்கள். இவ்வண்டியைச் சாலையில் ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணானது. பந்தயத் திடலுக்கு வேனில் ஏற்றிச் செல்லுங்கள்.