கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் மாட்டிக்கொண்டவர்களின் உண்மைக் கதைகளில் உங்களை அதிகம் யோசிக்க வைத்தது எது?

ஆக்லாந்து தீவுகளில் 1864-ல் நடந்ததுதான். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தத் தீவுக்கூட்டம் நியூசிலாந்தின் தெற்குத் தீவிலிருந்து 450 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, குளிர்ந்த கடலின் நடுவில் இருக்கிறது. பெரும்பாலான நாட்கள் மழை, ஓயாத மேற்குக் காற்று, மேற்குக் கரை முழுக்கச் செங்குத்தான பாறைச் சுவர். ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனை வழியாக ஐரோப்பா போகும் பாய்மரக் கப்பல்கள் அந்தக் காற்றைப் பிடிப்பதற்காகவே இவ்வளவு தெற்கே இறங்கும். போதாக்குறைக்கு அந்தக் காலத்துக் கடல் வரைபடங்களில் இந்தத் தீவுகள் இருக்கும் இடமே தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. கப்பல்கள் போய் மோதியதில் ஆச்சரியமில்லை.

1864 ஜனவரியில் 'கிராஃப்டன்' என்ற சின்னப் பாய்க்கப்பல் தீவின் தெற்குப் பக்கத்தில் கார்ன்லி துறைக்குள் புயலில் நங்கூரம் இழுபட்டுக் கரையில் மோதியது. மொத்தம் ஐந்து பேர். கேப்டன் தாமஸ் மஸ்கிரேவ், ஃபிரான்சுவா ரேனால் என்ற பிரெஞ்சுக்காரர், மூன்று மாலுமிகள். இன்னும் தெற்கே உள்ள கேம்ப்பெல் தீவில் வெள்ளீயம் கிடைக்கும் என்று நம்பி சிட்னியிலிருந்து கிளம்பியவர்கள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை, சரி, சீல் (கடல்நாய்) வேட்டையாவது ஆடுவோம் என்று இங்கே வந்தார்கள். நான்கு மாதத்தில் தகவல் இல்லையென்றால் தேடிக் கப்பல் அனுப்புங்கள் என்று ரேனால் கிளம்பும் முன்பே கேட்டு, அனுப்பிவைத்த வியாபாரிகளிடம் வாக்கும் வாங்கியிருந்தார். அந்தக் கப்பல் கடைசிவரை வரவே இல்லை.

கடைசியில் ரேனால்தான் அவர்களைக் காப்பாற்றினார் என்று சொல்லலாம். மனிதர் ஆஸ்திரேலியாவில் பல வருடம் தங்கம் தோண்டியவர், கைவேலை தெரிந்தவர். உடைந்த கப்பலின் பலகைகளை வைத்துக் குடிசை. சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பு, அதைக் குழைத்துக் கல் புகைபோக்கி. சீல் கொழுப்பில் சோப்பு. ஒரு வகைச் செடியின் கிழங்கிலிருந்து பீர் கூடக் காய்ச்சினார். அது சாராயமாக மாறும் அளவுக்குப் போனதும், ஐந்து பேரும் குடிகாரர்களாகிவிடுவோமோ என்று பயந்து நிறுத்திவிட்டார். மை தீர்ந்தபின் மஸ்கிரேவ் சீல் ரத்தத்தைத் தொட்டு நாட்குறிப்பு எழுதினார்.

எனக்குப் பிடித்தது சீட்டுக்கட்டு விஷயம். பொழுது போக ரேனால் சீட்டுக்கட்டு செய்து கொடுத்தார். கேப்டனுக்கோ தோற்கவே பிடிக்காது, தோற்றால் கோபம். இந்த இடத்தில் சண்டை மூண்டால் ஆபத்து என்று புரிந்துகொண்டு, ரேனால் தான் செய்த கட்டைத் தானே அழித்துவிட்டார். கேப்டன் பதவி விஷயத்தையும் இதே மாதிரி பக்குவமாகக் கையாண்டார்கள். கப்பலே இல்லாத இடத்தில் கேப்டன் என்ற அதிகாரம் எத்தனை நாள் நிற்கும்? அதனால் ஓட்டுப் போட்டு மஸ்கிரேவையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் விதி வைத்தார்கள். விதிகளைப் பைபிளின் வெற்றுப் பக்கத்தில் எழுதி ஞாயிறு தோறும் வாசித்தார்கள். சமையல் முறை வைத்து. சாயங்காலம் பள்ளிக்கூடம்: எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுத்து, மற்றவர்களுக்கு அவரவர் மொழி.

இப்போது இரண்டாவது கப்பல். அதே 1864, மே மாதம், தீவின் வடமேற்குப் பாறைகளில் 'இன்வர்கால்ட்' மோதியது. மெல்போர்னிலிருந்து பெருவின் காயாவோ துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெரிய கப்பல், 25 பேர். 19 பேர் கரையேறினார்கள். உயிரோடு வீடு திரும்பியது மூன்று பேர்: கேப்டன் டால்கார்னோ, துணை அதிகாரி ஸ்மித், ராபர்ட் ஹோல்டிங் என்ற இளம் மாலுமி. மற்றவர்கள் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே பசியிலும் குளிரிலும் போய்விட்டார்கள். ஒரு வருடம் முழுக்க இரண்டு கூட்டமும் ஒரே தீவில் இருந்தன. தெற்கே ஒரு கூட்டம் பிரெஞ்சு கற்றுக்கொண்டிருக்க, வடக்கே இன்னொரு கூட்டம் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தது. நடுவில் மலையும், குனிந்து தவழ்ந்தால்தான் போக முடிகிற புதர்க்காடும். இவர்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கதையை முதலில் கேட்டது அலுவலகப் பயிற்சி வகுப்பு ஒன்றில். 'ஒற்றுமையாக இருந்தவர்கள் பிழைத்தார்கள், இல்லாதவர்கள் செத்தார்கள்' என்று பயிற்சியாளர் இரண்டே ஸ்லைடில் முடித்துவிட்டார். இணையத்திலும் இப்படித்தான் சுற்றுகிறது. அப்புறம் உட்கார்ந்து விவரமாகப் படித்தபோது எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை.

கிராஃப்டன் மோதிய இடம் காற்று மறைந்த உள்துறை. கப்பல் சிதறவில்லை, கரையோரமாகவே சாய்ந்து நின்றது. மாதக்கணக்கில் போய்ப் போய்ப் பலகை, பாய்த்துணி, இரும்பு என்று எடுத்துவந்தார்கள். துப்பாக்கி இருந்தது, கோடரி, சுத்தியல் இருந்தன, கொஞ்ச நாளைக்குச் சாப்பாடும் இருந்தது. மோதியது கோடைகாலத்தில் (தென்கோளத்தில் ஜனவரி கோடை), பக்கத்திலேயே கடல் சிங்கக் கூட்டம். இன்வர்கால்ட் பாறைச் சுவரின் அடியில், இருட்டில், குளிர்காலம் தொடங்கும்போது மோதிச் சில நிமிடங்களில் சுக்குநூறானது. கரையேறியவர்கள் கையில் தீக்குச்சியும் கொஞ்சம் பிஸ்கட்டும் கொஞ்சம் பன்றிக்கறியும்தான். பலருக்குக் காலில் செருப்புகூடக் கிடையாது. ஐந்து பேருக்குப் போதும் உணவைத் தேடுவதும் 19 பேருக்குத் தேடுவதும் ஒன்றா?

அதற்காக டால்கார்னோவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அலைந்து திரிந்து உணவு தேடியது ஹோல்டிங். அதிகாரிகளைவிட அவனுக்குத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. இரண்டாவது நாளே அவன் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னும் சிலர் பிழைத்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கிராஃப்டன்காரர்களையே எல்லாம் போய்விட்ட நிலையில் அந்தப் பாறையடியில் இறக்கிவிட்டிருந்தால் ரேனால் என்ன செய்திருப்பார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பாடம் நடத்துவது சரியில்லை.

முடிவு இப்படி. 1865 மே மாதம் ஒழுகிய 'ஜூலியன்' என்ற கப்பல் பழுது பார்க்க இடம் தேடி உள்ளே வந்து இன்வர்கால்டின் அந்த மூவரையும் ஏற்றிக்கொண்டது. அது போய்ச் சேர்ந்தது காயாவோ, அவர்கள் முதலில் போக வேண்டியிருந்த அதே துறைமுகம்! கிராஃப்டன்காரர்கள் யாரும் வரமாட்டார்கள் என்று முடிவுகட்டி, சீல் தோலில் துருத்தி செய்து, பட்டறை போட்டு, பழைய இரும்பை ஆணியாக அடித்தார்கள். புதுப் படகு கட்டுவதுதான் திட்டம். மரத்தில் துளை போடும் தமர் மட்டும் ரேனாலுக்கு வரவில்லை. அதனால் திட்டத்தைச் சுருக்கி, இருந்த சின்னத் தோணியையே நீட்டி உயர்த்தினார்கள். அதில் மூன்று பேருக்குத்தான் இடம். 1865 ஜூலை 19 அன்று கிளம்பி, நடுக்குளிர்காலக் கடலில் ஐந்து நாள் போராடி ஸ்டூவர்ட் தீவை அடைந்தார்கள். இன்வர்கார்கில் ஊர் மக்கள் காசு திரட்டிக் கொடுக்க, மஸ்கிரேவ் உடனே இன்னொரு கப்பலில் திரும்பிப் போய் விட்டுவந்த இருவரையும் மீட்டார். அந்த இருவரும் அதற்குள் பிரிந்து தனித்தனியே வாழலாமா என்கிற அளவுக்குச் சண்டை போட்டிருந்தார்கள். ஒற்றுமைப் பாடத்தில் இது வருவதில்லை.

அந்தப் பயணத்தில்தான் வடக்கே ராஸ் துறையில் ஒரு பிணத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு கற்பலகை, அதில் ஏதோ எழுதியிருந்தது, படிக்க முடியவில்லை. இன்வர்கால்டைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்பது பிறகு சேர்த்துப் பார்த்துத் தெரிந்தது. அன்றைக்கு மஸ்கிரேவுக்கு அது யாரென்றே தெரியாது.

மர்மம் வேண்டும் என்பவர்களுக்கு அடுத்த வருடமே அதே தீவில் ஒன்று இருக்கிறது. 1866 மே மாதம் மெல்போர்னிலிருந்து லண்டனுக்குத் தங்கத்தோடு போன 'ஜெனரல் கிராண்ட்' காற்றில்லாமல் மிதந்துபோய் மேற்குப் பாறையில் ஒரு குகைக்குள் புகுந்தது. பாய்மரம் குகைக்கூரையில் இடித்து அடிப்பக்கத்தைத் துளைக்க, உள்ளேயே மூழ்கிவிட்டது. 83 பேரில் கரையேறியது 15 பேர். நான்கு பேர் திசைகாட்டி இல்லாமல் நியூசிலாந்துக்குப் படகில் போய் திரும்பவே இல்லை, ஒருவர் இறந்தார், மீதிப் பத்துப் பேர் 18 மாதம் கழித்து மீட்கப்பட்டார்கள். கணக்கில் இருந்த தங்கம் 2,576 அவுன்ஸ், அதாவது 80 கிலோ. தேடிப் போனவர்கள் ஏராளம். மீட்கப்பட்டவர்களில் ஒருவரான டேவிட் ஆஷ்வொர்த்தே 1870-ல் தேடப் போய் அங்கேயே செத்தார். கப்பல் இன்றுவரை உறுதியாக அடையாளம் காணப்படவில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் நியூசிலாந்து அரசு விழித்துக்கொண்டு தீவுகளில் உணவு, உடை, தீப்பெட்டி வைத்த கிடங்குகளை அமைத்தது. வழியில் போகும் கப்பல்காரர்கள் திருடிவிடக் கூடாதென்று ஆரம்பத்தில் வைத்த ஒரு பெட்டியின் மேல், தனக்கென்று கப்பல் இருந்தும் இதை உடைக்கிறவன் மேல் விதவைகள், தகப்பனில்லாப் பிள்ளைகள் சாபம் விழட்டும் என்று எழுதிவைத்தார்கள். 1907-ல் 'டண்டனால்ட்' என்ற கப்பல் பக்கத்திலுள்ள சின்னத் தீவில் உடைந்தபோது 16 பேர் கரையேறினார்கள், ஒருவர் சீக்கிரமே இறந்தார். மற்றவர்கள் கடற்பறவைகளைத் தின்று, மண்ணில் குழி தோண்டிப் படுத்து, வளைந்த குச்சிகளைக் கட்டிப் பாய்த்துணி போர்த்திய படகில் பெரிய தீவுக்குக் கடந்தார்கள். முதல் முறை போனவர்கள் கிடங்கைக் காணாமல் திரும்பினார்கள், பின்னால் போனவர்களுக்குக் கிடைத்தது. அங்கிருந்த படகை எடுத்துவந்து எல்லோரையும் கூட்டிப்போனார்கள். நவம்பரில் அரசுக் கப்பல் 'ஹினெமோவா' வந்தபோது 15 பேரும் உயிரோடு இருந்தார்கள். அந்தக் குச்சிப் படகுகளில் ஒன்று கிறைஸ்ட்சர்ச் நகரின் கேன்டர்பரி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.