பாஸ்பேட் பூச்சு மாவாக உதிர்ந்தால்

சாயம் இரும்பில் பிடிக்க அதற்கு முன் போடும் பாஸ்பேட் பூச்சு மாவாக உதிர்ந்தால், சாயத்தை மாற்ற வேண்டாம். பாஸ்பேட் தொட்டிக்கு முன்னால் டைட்டேனியம் ஆக்டிவேட்டரில் (பூச்சின் படிகங்களைச் சிறிதாக வளர வைக்கும் கரைசல்) முக்குங்கள். செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லரின் தகட்டில் ஜிங்க் பாஸ்பேட் மாவாக உதிர்ந்து சாயமும் கழன்று வருகிறது என்றால், பெரும்பாலும் படிகங்கள் பெரிதாக வளர்ந்திருக்கின்றன. காஸ்டிக் சோடா கிளீனரில் கழுவிய இரும்பில் இது சகஜம்.

ஆக்டிவேட்டரிலிருந்து எடுத்ததும் நேராகப் பாஸ்பேட்டுக்குப் போக வேண்டும். நடுவில் அலசினால் போட்டதெல்லாம் வீண். பட்டறைகளில் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் ஒரு துண்டுத் தகட்டில் செய்து, காய்ந்ததும் செலோடேப் ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள். டேப்பில் சாம்பல் மாவு அப்பக் கூடாது.

ஆனால் கழுவிய தகட்டில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் போகவில்லை, ஆக்டிவேட்டர் உதவாது. அப்புறம், மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் ஈரக் காற்றில் தகட்டை ராத்திரி முழுக்க விடாதீர்கள். நன்றாகக் காயவைத்து அன்றே பிரைமர் அடியுங்கள்.