எல்லோரும் தவறாகவே பேசினால் அந்த ஆங்கிலம் சரியாகிவிடுமா?

நாம் அடிக்கடி செய்யும் ஆங்கிலப் பிழைகள் எவை, நாலு பேர் பேசப் பேச அவை சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலது ஆகும், சிலது ஆகாது.

பழைய வட ஆற்காட்டில், ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் மெயில் போடுவதுதான் பாதி வேலை. நம் பையன்கள் "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று எழுதுவார்கள். "அஞ்சு வருஷமா வேலை செய்றேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால் வரும் வினை இது. 'ஹேவ் பீன் ஒர்க்கிங்', அப்புறம் 'ஃபார்' வந்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மன்காரர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள். அவர்கள் மொழியிலும் நிகழ்காலம்தான். 'ஃபார்', 'சின்ஸ்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். தேவையில்லாத 'அபவுட்' போட்டு 'டிஸ்கஸ் அபவுட்' என்பதும் இரு பக்கமும் உண்டு. இத்தாலிக்காரர் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று பன்மை போடுவார். ஷூ மட்டும் நேரத்துக்குப் போய்விடுகிறது.

இவற்றையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அர்த்தம் மாறிப்போகும் பிழைகள்தான் ஆபத்து. 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பேமென்ட்' என்று ஒரு வரி போனால், நாம் விவரம் கேட்கிறோம் என்று எதிராளி நினைக்கமாட்டார். காசு தருவாரா என்றே சந்தேகப்படுகிறோம் என்று எடுத்துக்கொள்வார். தமிழில் பாடத்தில் புரியாததும் சந்தேகம், ஆள்மேல் நம்பிக்கை இல்லாததும் சந்தேகம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'கொஸ்டின்' போதும். 'வீ வில் ரிவர்ட் ஆன் த சாம்பிள்' என்பதும் அப்படித்தான். பதில் சொல்கிறோம் என்று நாம் நினைத்து எழுதுவோம். பழைய டிசைனுக்கே திரும்புகிறோமா என்று அங்கே குழம்புவார்கள்.

சரி, பிழை எப்போது வழக்காகிறது? 'யூ' ஒரு காலத்தில் பன்மை மட்டுமே. ஒருவரைச் சுட்ட 'தவ்' இருந்தது. மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் பொதுப் பேச்சிலிருந்து 'தவ்' ஒதுங்கியது. ஒருவரைக் குறிக்கும் 'தே' இன்றைய நாகரிகம் என்று திட்டுகிறார்கள். அது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. தமிழர்களுக்கு இதில் அதிர்ச்சியே வரக்கூடாது. சங்கத் தமிழில் 'அவர்' பலர்பால். இன்று தலைமையாசிரியர் ஒருவர் வந்தாலும் 'அவர் வந்தார்' என்கிறோம். பன்மைக்கு 'அவர்கள்' என்று இன்னொன்றை ஒட்டவைத்துக்கொண்டோம். கல்யாணப் பத்திரிகையில் அதையும் ஒற்றை ஆளுக்கே போட்டுவிட்டோம்!

'ப்ரீபோன்' நம் ஊர்ச் சரக்கு. 'போஸ்ட்போன்' இருக்கும்போது எதிர்ச்சொல் வேண்டாமா என்று இந்தியர்கள் புழங்கியது, இன்று ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. காலியாகக் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்த சொல், அதனால் நிலைத்தது. 'ரிவர்ட்' ஏற்கெனவே வேறு அர்த்தம் குடியிருக்கும் வீடு. இந்தியாவுக்குள் செல்லும், வெளியே தகராறு.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் இந்த வரலாறெல்லாம் உதவாது. அங்கே 'மைசெல்ஃப் குமார்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'ஐ ஆம் குமார்' போதும்.