புலிக்குப் பக்கத்தில் மீன்: சோழர் காசு பற்றிய கேள்விகள்

கே: சோழன் வெளியிட்ட காசில் பாண்டியனின் மீனும் சேரனின் வில்லும் எதற்கு ஐயா? – மாணவி, தஞ்சாவூர்

ப: அடங்கியவர்கள் யார் என்று காட்டத்தான். குடைக்குக் கீழே புலி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அருகே இரண்டு மீன்கள், ஒரு வில். திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையிலும் இவைதான். ஆனால் செப்பேடு ஓரிடத்தில் கிடக்கும். காசு கைமாறி ஊர் ஊராகப் போகும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

கே: தாத்தா விட்டுப்போன செப்புக்காசில் குச்சி குச்சியாய் ஒரு மனிதன் நிற்கிறான். ராஜராஜனா? – திருச்சி வாசகர்

ப: திருப்பிப் பாருங்கள். மறுபக்கம் உட்கார்ந்த உருவம் இருக்கும். அதன் கைக்குக் கீழே நாகரியில் (வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்து) 'ஸ்ரீ ராஜராஜ' என்று மூன்று வரி தெரிந்தால் அவன் பெயரில் வந்த காசுதான். வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டால் எழுத்து எழும்பும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும்.

கே: தமிழ் மன்னனுக்கு நாகரி எழுத்து ஏன்? – சேலம் வாசகர்

ப: அந்த மனித உருவமே ஈழத்திலிருந்து வந்தது என்பது நாணய ஆய்வாளர் பலரின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அங்கே முன்பே வழங்கிய கஹவணு என்ற பொற்காசில் நிற்கும் உருவம், அமர்ந்த உருவம், நாகரியில் 'ஸ்ரீ லங்காவிபு' (இலங்கையின் தலைவன்) எல்லாம் உண்டு. 993 வாக்கில் ஈழத்தின் வடபகுதி ராஜராஜன் வசமானது. பழகிய காசில் புதுப்பெயர் என்றால் வாங்குகிறவன் தயங்க மாட்டான்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். 1070இல் சோழரை ஈழத்திலிருந்து விரட்டிய சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகுவும் அந்த உருவத்தைக் கைவிடவில்லை. பெயரை மட்டும் மாற்றினான். பின்னால் அரியணை ஏறிய லீலாவதி ஒரு பெண். அவள் காசிலும் அதே குச்சி மனிதன்தான் நிற்கிறான். பெயர் மட்டும் 'ஸ்ரீ ராஜ லீலாவதி'.

கே: ராஜேந்திரன் காசில் என்ன எழுதினான்? – கடலூர் வாசகர்

ப: பொற்காசில் 'கங்கைகொண்ட சோழன்'. பட்டமே பெயராகிவிட்டது.

கே: தமிழ் எழுத்துள்ள காசே இல்லையா? – மதுரை வாசகி

ப: உங்கள் ஊர் அரசர்களே வெளியிட்டார்களே! பாண்டியர் செப்புக்காசுகளில் 'சோணாடு கொண்டான்', 'எல்லாந்தலையானான்' (எல்லாருக்கும் தலைவனானவன்) என்று தமிழிலேயே இருக்கிறது. முதலாவது, 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியனின் சோழநாட்டு வெற்றியைச் சொல்வது. வென்ற நாட்டை அவன் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான்; கல்வெட்டுகள் 'சோணாடு வழங்கியருளிய' என்று அதையும் புகழ்கின்றன. காசிலோ 'கொண்டான்' என்பதோடு நிறுத்திக்கொண்டான்.