பத்தடிதானே என்று ஏறாதீர்கள்: கூரை வேலை பற்றிய கேள்வி-பதில்

புரட்டாசி பிறந்ததுமே டெல்டாவில் கூரையைப் பற்றிய கவலை தொடங்கிவிடும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒழுகலை அடைத்தாக வேண்டும். இந்த முறை வந்த கேள்விகளும் அதைச் சுற்றியே இருக்கின்றன. கோபுரத் திருப்பணிக்குச் சாரம் கட்டி ஏறும்போது எல்லோருமே பயந்து, பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறோம். மாட்டுக் கொட்டகைமேல் ஏறும்போது அந்தப் பயம் வருவதில்லை. 27 வருடம் கட்டட மேற்பார்வையில் இருந்தவன் நான். என் கண்ணால் பார்த்த மோசமான விபத்துகள் எல்லாம் 10, 12 அடி உயரத்தில் நடந்தவைதான்.

மன்னார்குடி வாசகர்: மாட்டுக் கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு 20 வருடம் ஆகிறது. மூன்று இடத்தில் ஒழுகுகிறது. போல்ட் அடித்த வரிசையிலேயே கால் வைத்து நடந்தால் உடையாது என்கிறார்கள். சரியா?

சரியில்லை. போல்ட் வரிசைக்குக் கீழே இரும்புக் குழாய் ஓடுவது உண்மைதான். ஆனால் அந்தக் குழாயின் அகலம் இரண்டு, மூன்று அங்குலம். கையில் சிமெண்ட் சட்டியோடு அதன்மேலேயே நேராக நடக்க யாராலும் முடியாது. 20 வருட வெயிலும் மழையும் பட்ட ஷீட், உடைவதற்கு முன் வளைந்தோ முனகியோ காட்டாது. படக்கென்று ஆளோடு உள்ளே போய்விடும்.

என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி அப்படித்தான் போனார். 11 அடி உயரம். கீழே மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்ட் தொட்டி. போல்ட் வரிசையில்தான் நடந்துகொண்டிருந்தார். அன்று அவரை மேலே அனுப்பியவன் நான். அதனால்தான் இந்தக் கேள்விக்கு மட்டும் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், மேலே ஏறாமல் முடியுமா என்று பாருங்கள். விரிசல் விட்ட ஷீட்டைக் கழற்றுவதாக இருந்தால், உள்ளே சாரம் போட்டு, கீழே இருந்தபடியே போல்ட்டை அறுத்து இறக்கிவிடலாம். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் 10 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் கெட்டியான பலகை இரண்டு வேண்டும். குழாய்களுக்கு இடையே பொதுவாக நாலரை அடிக்கு மேல் இடைவெளி விடமாட்டார்கள். அதனால் 10 அடிப் பலகை மூன்று குழாய்களின்மேல் உட்காரும். ஒரு பலகையில் நின்றுகொண்டு மற்றதை நகர்த்துங்கள். இரண்டும் சறுக்காமல் இருக்கக் கயிற்றால் கட்டுங்கள். பலகையை விட்டுக் கால் இறங்கவே கூடாது.

வெளிச்சத்துக்காக நடுவில் ஒரு பைபர் ஷீட் போட்டிருப்பீர்கள். பாசியும் தூசியும் படிந்தபின் மேலிருந்து பார்த்தால் அது எது என்றே தெரியாது. ஏறுவதற்கு முன் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து, எத்தனையாவது வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பழைய ஷீட்டை மிஷின் போட்டு அறுக்க வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகவே இறக்குங்கள்.

கும்பகோணம் வாசகர்: மாடியில் சோலார் பேனல் துடைக்க இடுப்பு பெல்ட் வாங்கியிருக்கிறேன், 6 அடிக் கயிறோடு. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் மாட்டிக்கொண்டால் போதுமா? மாடி 11 அடி உயரம், கைப்பிடிச் சுவர் ஒரு அடிதான்.

இடுப்பு பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விழும்போது முழு எடையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் விழும். தலைகீழாகி நழுவவும் செய்யும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். ஐ.எஸ். 3521 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். கயிற்றை முதுகு வளையத்தில் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் குழாய் ஆள் எடையைத் தாங்காது. கான்கிரீட் தூண் அல்லது உத்தரத்தைச் சுற்றித்தான் கட்ட வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கயிறு 6 அடி. அதிர்ச்சி தாங்கும் பட்டை இருந்தால் அது விரிய 4 அடி. வளையத்திலிருந்து உங்கள் பாதம் வரை 5 அடி. கொஞ்சம் மிச்சம் விட 3 அடி. மொத்தம் 18 அடி. உங்கள் மாடியோ 11 அடி. கயிறு இழுத்துப் பிடிப்பதற்கு முன்பே தரை வந்துவிடும். ஆகவே ஓரத்துக்கு எட்டவே முடியாத அளவுக்குக் கயிற்றைக் குட்டையாகக் கட்டுங்கள். அதைவிட நல்லது, நீளக் கம்பு துடைப்பம் வாங்கி உள்பக்கம் நின்றே துடைப்பது. கையில் பணம் சேர்ந்ததும் முதல் வேலையாகச் சுற்றிலும் மூன்றரை அடிக்குக் கம்பி வேலி போட்டுவிடுங்கள். வடகம் காயவைக்க ஏறும் அம்மாவுக்கும் அது காவல்.

பாபநாசம் வாசகர்: ஏணியை எவ்வளவு சாய்க்க வேண்டும்?

4 அடி உயரத்துக்கு 1 அடி. 12 அடியில் சாய்த்தால் ஏணியின் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். தலைப்பக்கம் கூரைக்கு மேல் 3 அடி நீட்டி, கயிற்றால் கட்டுங்கள். நம்மூர்க் களிமண் நனைந்தால் ஒரு கால் மட்டும் புதையும். கீழே பலகை போடுங்கள்.

மயிலாடுதுறை வாசகி: ஓட்டு வீடு. ஓடு மாற்ற வரும் பெரியவருக்கு 60 தாண்டிவிட்டது. கயிறு கட்டச் சொன்னால் "நாப்பது வருஷமா ஏறுறேம்மா" என்கிறார். வற்புறுத்தினால் மனம் நோகுமோ?

அவர் சொல்வது பொய்யில்லை. ஓட்டைத் தாங்கும் எந்த ரீப்பர் கட்டை உளுத்திருக்கிறது என்று அவருக்குக் காலே சொல்லிவிடும். ஆனால் ஓட்டைத் தூக்கியதும் தேளோ பூரானோ கையில் ஏறினால் உதறாமல் இருக்க முடியுமா? அந்த ஒரு உதறலுக்காகத்தான் கயிறு. "ஐயா, உங்க வேலைமேல சந்தேகம் இல்ல, எனக்குத்தான் மனசு கேக்கல, எனக்காகக் கட்டிக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். இப்படிக் கேட்டு மறுத்த பெரியவரை நான் பார்த்ததில்லை. பெல்ட்டை நீங்களே வாங்கி வையுங்கள். நாள் கூலிக்காரரிடம் போய் வாங்கி வா என்பது நியாயமில்லை.

மொத்தமாகக் கூலி பேசாமல் நாள் கூலியாகப் பேசுங்கள். அவசரம் பாதி குறையும். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தால் பாசி காயும் வரை ஏறவிடாதீர்கள். கயிற்றை முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறக்கி, மரத்திலோ கல் தூணிலோ கட்டலாம். வண்டியில் மட்டும் கட்டக் கூடாது, விஷயம் தெரியாத யாராவது வந்து வண்டியை எடுத்துவிடுவார்கள். கூட வரும் இளைஞர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம்.

திருவாரூர் வாசகர்: மாடியை ஒட்டி மின்கம்பி போகிறது. மூங்கில் ஏணி என்றால் பயமில்லையே?

நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. கூப்பிட்டு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, அது நின்றபிறகே ஏறுங்கள்.

வேதாரண்யம் வாசகர்: புயலில் ஓடு பறந்தால், காற்று நின்றதும் ஏறித் தார்ப்பாய் கட்டலாமா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயலின் கண் தலைக்கு மேல் கடக்கும்போது காற்று அப்படியே நிற்கும். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முழுதாகக் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை ஏறவே வேண்டாம். அதன் பிறகும் விரித்த தார்ப்பாய் பாய்மரம்போல ஆளைத் தூக்கும். மடித்தபடியே முகட்டில் போட்டு, நுனிக் கயிறுகளைக் கீழே எறிந்து, தரையில் நிற்பவர்கள் இழுத்து விரிக்கட்டும்.

பட்டுக்கோட்டை வாசகி: யாராவது விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

தூக்காதீர்கள். பதற்றத்தில் இரண்டு பேர் கை, காலைப் பிடித்து ஆட்டோவில் மடக்கி ஏற்றுவதால்தான் பிழைத்தவருக்கும் முதுகுத் தண்டு போகிறது. 108-ஐக் கூப்பிடுங்கள். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். ரத்தம் வந்தால் துணியால் அழுத்துங்கள். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்க வேண்டாம். பேசினாலும், எழுந்து உட்கார்ந்தாலும், தலையில் அடி என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

பெல்ட்டில் தொங்குகிறார் என்றால் தப்பித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். தொடைப் பட்டை அழுத்தி ரத்தம் கால்களிலேயே தங்கிவிடும், சில நிமிடங்களில் மயக்கம் வரும். உடனே இறக்க வேண்டும். அதற்கென்று இன்னொரு ஏணியை, வேலை முடியும்வரை யாரும் எடுக்காதபடி, சுவரோரம் தனியாகப் போட்டு வையுங்கள்.