வாசகர் கேள்வி – பதில்: கட்டை விரலுக்கு மேலே ஒரு சிறு துளை

கேள்வி: சில மாதங்களாகக் கிளாரினெட் பழகி வருகிறேன். இடக்கைக் கட்டை விரலுக்கு மேலே உள்ள ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால், வாசித்துக்கொண்டிருந்த சட்ஜம் தார சட்ஜத்தில் நிற்காமல் அதையும் தாண்டிப் பஞ்சமத்துக்குத் தாவிவிடுகிறது. புல்லாங்குழலில் அழுத்தி ஊதினால் சரியாக ஒரு ஸ்தாயிதான் ஏறுகிறது. இரண்டும் நேரான குழல்கள்தானே? அந்தக் கீ திறக்கும் அவ்வளவு சிறிய துளை இதை எப்படிச் செய்கிறது? அதே கீயைச் சேர்த்து வாசிக்கும் நடு பி பிளாட் மட்டும் ஏன் மங்கலாக ஒலிக்கிறது?

பதில்: நேரான குழல்கள் என்பது வரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் புல்லாங்குழல் இரு முனைகளிலும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. உதட்டருகே உள்ள துளையும் ஒரு திறந்த முனைதான். கிளாரினெட்டின் மேல் முனையையோ ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. ரீடின் நுனிக்கும் வாயில் வைக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இடுக்கு மட்டுமே. அடைபட்ட முனையில் காற்றின் அழுத்தம் மிகுதியாக ஏறி இறங்கும். திறந்த முனையில் அழுத்த மாற்றம் ஏறக்குறைய இராது. இவ்விரு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் மிக நீண்ட அலையில் கால் பங்குதான் குழலுக்குள் அடங்குகிறது. அதனால்தான், ஏறத்தாழ ஒரே நீளமுள்ள கருவிகளாக இருந்தும், மேற்கத்தியப் புல்லாங்குழலின் அடிச்சுரம் 262 ஹெர்ட்ஸில் நின்றுவிட, பி பிளாட் கிளாரினெட் 147 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது.

கால் அலைக்கு அடுத்தபடியாக அடங்கக்கூடியது முக்கால் அலை. அதற்கும் அடுத்தது ஒன்றேகால் அலை. ஆகவே அதிர்வெண்கள் 1, 3, 5 என்று ஒற்றைப்படையாகவே ஏறுகின்றன. 2 என்ற படி இந்தக் குழலில் இல்லை. இருமடங்கு என்பது தார சட்ஜம், மும்மடங்கு என்பது அதற்கு மேலுள்ள பஞ்சமம். கிளாரினெட்டின் 147 ஹெர்ட்ஸ் அடிச்சுரத்தை வாசித்தபடி விரல்களை அசைக்காமல் கீயை மட்டும் அழுத்திப் பாருங்கள்; 440 ஹெர்ட்ஸ் ஒலிக்கும்.

முனை அடைபட்டிருப்பது மட்டுமே காரணம் என்று பல பாடநூல்கள் சொல்லி முடித்துவிடுகின்றன. அது பாதி விளக்கம்தான். ஓபோவும் சாக்ஸபோனும் ரீடால் அடைபட்டவையே, ஆனால் அவை ஒரு ஸ்தாயிதான் ஏறுகின்றன. ஏனெனில் அவற்றின் உட்குழல் கூம்பு வடிவில் விரிகிறது, கூம்பில் 2 என்ற படியும் கிடைத்துவிடுகிறது. அடைபட்ட முனையும் பெரும்பகுதி உருளையான உட்குழலும் ஒன்றுசேர்வதே கிளாரினெட்டின் தனித்தன்மை.

இனி அந்தத் துளை. அது மேல் சுரத்தை உண்டாக்குவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கீழ்ச்சுரத்தைக் கெடுக்கிறது, அவ்வளவே. ரீட் தன் விருப்பப்படி அதிர்வதில்லை. குழலிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலைகளில் எது வலுவாக வருகிறதோ அதற்குப் பணிந்துதான் திறந்து மூடுகிறது. வழக்கமாக அடிச்சுரத்தின் அலையே வலுவானது. முக்கால் அலைக்கோ மேலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் அழுத்தம் மாறாத ஒரு கணு உண்டு. அங்கே துளையிட்டால் அந்த அலைக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அடிச்சுரத்தின் அலைக்கு அதே இடத்தில் உச்ச அழுத்தத்தின் 87 விழுக்காடு இருக்கிறது. ஒவ்வோர் அதிர்விலும் காற்று அத்துளை வழியே உராய்ந்து வெளியேறி உள்ளே வருவதால் அந்த அலை வலுவிழக்கிறது, அதன் அதிர்வெண்ணும் சற்று மேலே நகர்ந்துவிடுகிறது. நகர்ந்துவிட்டதால் மற்ற அலைகளோடு அதற்கிருந்த 1, 3, 5 என்ற இசைவும் குலைந்துபோக, ரீட் அடுத்த அலையைப் பற்றிக்கொள்கிறது. துளை ஏன் சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது: பெரிதாக இருந்தால் அது குழலை அந்த இடத்திலேயே வெட்டிவிட்ட மாதிரி ஆகி, வேறொரு சுரத்துளையாகிவிடும். மேல் சுரத்தை மிக மெதுவாகத் தொடங்கும்போது சில வேளை அடியில் ஓர் உறுமல் கேட்குமே, அது இடம்பெயர்ந்த அந்த அடிச்சுரத்தின் மிச்சம்தான். தேர்ந்தவர்கள் உதட்டின் பிடியாலேயே கீயைத் தொடாமல் மேல் சுரத்தை எழுப்பிவிடுவார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், விரல்கள் திறக்கத் திறக்கக் குழலின் பயன்படு நீளம் குறைகிறது, கணுவும் கூடவே மேலேறுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டாம் ரெஜிஸ்டரின் (கீயை அழுத்தி வாசிக்கும், 3 என்ற படியில் அமைந்த சுர வரிசையின்) கீழ்க்கோடியில் அது மேல்நுனியிலிருந்து சுமார் 19 சென்டிமீட்டரிலும் மேல்கோடியில் சுமார் 9 சென்டிமீட்டரிலும் இருக்கும். துளையோ ஒன்றே ஒன்று. அதை ஏறத்தாழ 15 சென்டிமீட்டரில் வைத்து எல்லாச் சுரங்களையும் சமாளிக்கிறார்கள். கணுவிலிருந்து துளை விலகியிருக்கும் சுரங்கள் சற்றே கூடுதல் சுருதியில் ஒலிக்கப் பார்க்கும். உட்குழலின் விட்டத்தை ஆங்காங்கே நுட்பமாக மாற்றி அதை ஈடுசெய்வது கருவி செய்பவரின் திறமை. பாஸ் கிளாரினெட்டுகள் பலவற்றில் இதற்கென இரண்டு துளைகள் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் ரெஜிஸ்டரில் 5 என்ற படி வேண்டும். அங்கே இடக்கை ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டால் அதன் துளை இரண்டாவது ரெஜிஸ்டர் துளையாக வேலை செய்கிறது. தாவல் 5/3, அதாவது சட்ஜத்திலிருந்து சதுச்ருதி தைவதம். ஆனால் அந்த உயரத்தில் கணக்கு சற்று வழுக்கும் என்பதால் ஒரே சுரத்துக்குப் பல விரல்நிலைகள் புழக்கத்தில் உள்ளன.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நடு பி பிளாட் முதல் ரெஜிஸ்டரை, அதாவது அடிச்சுரங்களின் வரிசையைச் சேர்ந்தது. அங்கே மட்டும் ரெஜிஸ்டர் துளை தன் சொந்த வேலையை விட்டுவிட்டு, ஏ சுரத்துக்கான கீயோடு சேர்ந்து சாதாரணச் சுரத்துளையாக நடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு அது இன்னும் பெரிதாகவும், இன்னும் சற்றுக் கீழேயும் இருந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஈரம் துளையில் இறங்காமல் இருக்க ஒரு சிறு உலோகக் குழாயும் உட்குழலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒலி அடைத்தாற்போல வருவது உங்கள் ஊதலின் குறையன்று. வலக்கைப் பக்கத்துத் துளைகளில் சிலவற்றையும் சேர்த்து மூடி வாசித்துப் பாருங்கள். சுருதி அதிகம் மாறாமல் ஒலி திரண்டு வரும், எவற்றை மூடுவது என்பது கருவிக்குக் கருவி மாறும்.